இருபத்து மூன்று சீட்டுகளின் பின்பக்கம்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அவர் முனகுவதைவிடக் கொஞ்சம் குறைவாக. நீ, உன் வீட்டுக்காரி, சின்னவள் மூவரும் எப்படி? போனில் பேசினால் உன் பின்னால் நாலு பேர் பேசுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

தேர்தல் வேலை ஒருவழியாக முடிந்தது. என்னை ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலராகப் போட்டுவிட்டார்கள். பழைய கட்டடம், ஒரு மேசை, மூன்று நாற்காலி, அதில் ஒன்று ஆடும். ஆடுவது எனக்கு. குழாயில் தண்ணீர் இல்லை, மற்ற வசதியும் இல்லை. எனக்கு உதவியாக நில அளவை அலுவலகத்து எழுத்தர் ஒருவர். மணிக்கு ஒருமுறை மணி சொல்வார், யாரும் கேட்காமலே. நான் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டேன். ஒவ்வொரு வாக்குச்சீட்டின் பின்பக்கமும் என் கையெழுத்து வேண்டும். காலையிலிருந்து கட்டுக் கட்டாகப் போட்டு இடது கை வீங்கிப்போனது. மற்றபடி நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை.

நகரமன்றத்துக்கு எங்கள் பக்கம் மரக்கடைக்காரர் பதினொரு ஓட்டில் ஜெயித்தார். தோற்றவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா, உனக்கு ஊசி போட ஓடி ஓடிப் பிடித்தாரே, அவர்தான்.

ஜூனில் தலைமையாசிரியைப் பட்டியல் வருகிறது. இந்த முறை என் பெயர் முதலில் இருக்கிறது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பதினாலு வருஷமாகக் காத்திருக்கிறேன், உனக்குத் தெரியாதா.

குழந்தைக்கு முத்தம்.
அக்கா

—

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். சின்னவளுக்கு முன்பல் விழுந்தது, அதை யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள். அத்தானைப் படி ஏற வேண்டாம் என்று சொல். சொன்னால் கேட்பாரா என்பது வேறு.

எங்கள் தேர்தல் சட்டத் திருத்தக் குழுவுக்கு நாடு முழுக்க இருந்து புகார் வந்து குவிகிறது. நான் வரைவு எழுத்தர் என்றுதான் பெயர், பாதி நாள் மூட்டை பிரிக்கிற வேலை. நேற்று நம் ஊர்க் கோப்பே வந்தது. ஏழாவது வார்டு, மூன்றாவது சாவடி. இருபத்து மூன்று வாக்குச்சீட்டில் அலுவலர் கையெழுத்தே இல்லை. சட்டப்படி அவை செல்லாது என்று எண்ணாமல் தள்ளிவிட்டார்கள். வித்தியாசம் பதினொன்று, தள்ளியது இருபத்து மூன்று. நர்ஸம்மா சும்மா இருப்பாரா? அவற்றையும் எண்ணச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார். மரக்கடைக்காரர் தரப்போ, அவை கட்டிலிருந்து திருடிக் கிழித்த கள்ள ஓட்டு என்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் உட்கார்ந்து ஒரு பிரிவே எழுதிக் கொடுத்துவிட்டேன்: கையெழுத்திடத் தவறும் அலுவலருக்கு ஆறு மாதம் சிறை. ஒரு பேனாவைத் தூக்க முடியாதவர் அந்த நாற்காலியில் ஏன் உட்கார வேண்டும்? குழுத் தலைவர் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

உனக்கு எந்தச் சாவடி? அந்தப் புண்ணியவானை உனக்குத் தெரியுமா?

அன்புடன்,
தம்பி

—

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம், மன்னித்துவிடு. விடைத்தாள் திருத்தம், இருமல், வீட்டுக்கு வெள்ளையடிப்பு எல்லாம் ஒன்றாக வந்தன. உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். சின்னவளின் பல்லைப் பத்திரமாக வாங்கி வை, துவைக்கும்போது போய்விடும்.

நூலகத் தெருவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். அவரிடம் இந்த மாதம் மூன்று உடுப்பு தைக்கக் கொடுத்தேன், அத்தானுக்கு இரண்டு சட்டை, பெரியவளுக்கு ஒரு பாவாடை. தைத்ததை அவர் மடித்துத் தரும் அழகே தனி. நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு இழு. பிரிக்க மனசு வராது.

நீ சொன்ன வழக்கில் அந்த இருபத்து மூன்று பேரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். தையல்காரரும் அதில் ஒருவர். கடை வாசலில் போகிறவன் வருகிறவன் எல்லாம் “கள்ள ஓட்டு, சட்டை தயாரா?” என்று கேட்கிறானாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டம் படித்தவன் நீ, ஒன்று சொல். கையெழுத்து இல்லை என்றால் அது அலுவலரின் தப்பு. ஓட்டுப் போட்டவர் என்ன செய்தார்?

அத்தான் உன்னை விசாரித்தார்.
அக்கா

—

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருமலுக்கு மருந்து எடுத்தாயா, அல்லது வழக்கம்போல அதுவாகப் போகட்டும் என்று விட்டுவிட்டாயா? இங்கே எல்லோரும் சுகம். பல் இன்னும் பையில்தான் இருக்கிறது.

நீ கேட்டது நல்ல கேள்வி. குழுவில் இதே கேள்வியில்தான் இரண்டு வாரமாக அடித்துக்கொள்கிறார்கள். கையெழுத்து வைத்ததன் நோக்கம் வெளியிலிருந்து சீட்டு உள்ளே வரக்கூடாது என்பது. அது நியாயம். ஆனால் சீட்டின் எண், கிழித்தபின் கட்டில் தங்கும் அடிக்கட்டையில் இருக்கிறது, வாக்காளர் வாங்கிக்கொண்டதற்குப் பட்டியலில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. மூன்று பூட்டில் ஒன்று விட்டுப்போனதற்காக வீட்டுக்காரனையே திருடன் என்பதா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். முன்னாள் காவல் அதிகாரி ஒருவர், பூட்டைத் தளர்த்தினால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம் என்றார். இரண்டு பேர் பேச்சிலும் விஷயம் இருக்கிறது.

உங்கள் ஊர் வழக்கில் சிக்கல் வேறு. அந்தச் சாவடி அலுவலர், தேர்தலன்று நிரப்பித் தரும் சாவடி டைரியில், நான் நாள் முழுக்க இடத்தை விட்டு நகரவில்லை, எல்லாச் சீட்டிலும் கையெழுத்திட்டே கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாராம். டைரி உண்மை என்றால் அந்த இருபத்து மூன்றும் கள்ள ஓட்டு, உன் தையல்காரர் உட்பட. டைரி பொய் என்றால் அந்த அலுவலர் தன் தோலைக் காப்பாற்ற இருபத்து மூன்று பேரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்.

நீ எந்தச் சாவடி என்று சொல்லவே இல்லையே.

தம்பி

—

ஏப்ரல் 24

அக்கா,

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. இரண்டு முறை போன் செய்தேன். பெரியவள் எடுத்து, “அம்மா தையல்காரர் கடைக்குப் போயிருக்காங்க மாமா” என்றாள், இரண்டு முறையும்.

நேற்று அந்த டைரியின் நகல் வந்தது. முதல் பக்கம்தான் பார்த்தேன். இடது பக்கம் சாய்ந்த எழுத்து. அப்பாவுக்குத் தெரியாமல் என் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தை ஐந்து வருஷம் போட்டுக்கொடுத்த எழுத்து எனக்குத் தெரியாதா?

கோப்பை மூடித் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். இது என் அக்கா சம்பந்தப்பட்டது, இனி நான் தொட மாட்டேன் என்று சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

உன்னைப் புண்ணியவான் என்று கிண்டல் செய்தது நினைவுக்கு வந்தது. மன்னித்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்.

தம்பி

—

மே 2

அன்புத் தம்பி,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான். எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நழுவிவிடுவேன்.

மூன்றாவது சாவடி பழைய நூலகம். கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குப் பின்பக்கச் சுவர் இருக்கிறது. நான் விடிவதற்கு முன்பே போனவள். தண்ணீரே குடிக்காமல் பதினொரு மணிவரை தாக்குப்பிடித்தேன். பிறகு முடியவில்லை. அலுவலர் சாவடியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. கடிகாரத்திடம், “கொஞ்சம் பாத்துக்குங்க, வந்துடறேன்” என்றேன். அவர் மணி பதினொன்று பத்து என்றார்.

எதிர்வீடுதான் தையல்காரர் வீடு. வாசலில் நின்று எப்படிக் கேட்பது என்று விழித்தேன். அவரே புரிந்துகொண்டார். “உள்ள போங்க மேடம், வீட்டுல இருக்காங்க. நான் போய் ஓட்டு போட்டுட்டு வந்துடறேன்” என்றார். உள்ளே அவர் மனைவி தண்ணீர் கொடுத்து, மின்விசிறியைப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து என்றார்.

என் மேசை உனக்குத் தெரியும். இடது கையால் எழுதுகிறேன், அதனால் முடித்ததை வலது கையால் எடுத்து வலது பக்கம் வைப்பேன். வலது கைக்காரர்கள் முடித்ததை இடது பக்கம் வைப்பார்கள். கையெழுத்திட்ட கட்டுகள் எனக்கு வலது பக்கம், வெறும் கட்டுகள் இடது பக்கம். கடிகாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து இடது பக்கக் கட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் வந்ததும் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். சொல்லிவிட்டுப் போகாதது என் தப்பு.

மூன்று மணிக்கு அந்தக் கட்டு என் கைக்கு வந்தது. கையெழுத்திடப் பிரித்தால் முதல் இருபத்து மூன்று சீட்டு இல்லை, அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. அப்போதே புரிந்துவிட்டது. பெட்டியைத் திறக்க முடியாது. டைரியில் உள்ளபடி எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் படிவத்தில் 'இடத்தை விட்டு நகரவில்லை, எல்லாச் சீட்டிலும் கையெழுத்திட்டே கொடுத்தேன்' என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கிறது. நகர்ந்திருந்தால் அதை அடித்துவிட்டுக் காரணம் எழுத வேண்டும். காரணத்தை எப்படி எழுதுவேன்? எல்லாக் கட்சி ஆட்களும் படிப்பார்கள். அதோடு ஜூன் பட்டியலும் நினைவுக்கு வந்தது. அடிக்கவில்லை.

தையல்காரர் என்னை விசாரணையில் காட்டிக்கொடுப்பார் என்று பயந்துதான் முதலில் துணி கொடுக்கப் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. போன வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

“நான் உங்க வீட்டுக்கு வந்தத ஏன் நீங்க அங்க சொல்லல?”

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு பொம்பள என் வீட்டுக்கு எதுக்கு வந்தாங்கன்னு நான் எப்படி மேடம் சபையில சொல்றது?”

தம்பி, தனக்குக் கள்ள ஓட்டுக்காரன் என்ற பெயர் வந்தும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. நான் வாய் திறக்காததும் அவர் வாய் திறக்காததும் ஒன்றா?

உன் ஆறு மாதச் சிறை எனக்குத்தான். என்ன செய்யட்டும்?

அக்கா

—

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வீட்டில் அவளிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் முதலில் கேட்டது, “விடியறதுக்கு முன்னாடி போனவங்க பதினொன்னு வரைக்கும் எப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க?” என்பதுதான். எங்கள் குழுவில் ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். நாலு மாதத்தில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை, எனக்கும்தான்.

தம்பியாகச் சொன்னால், பட்டியல் வரும்வரை பொறுத்திரு. ஒரு மாதம்தானே. வாய்வரை வருகிறது. ஆனால் உன் விசாரணை மே கடைசியில். நீ பொறுத்தால் இருபத்து மூன்று பேர் மேல் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதன்பிறகு சொன்னால் ஒரு பயனும் இல்லை.

நான் எழுதிய சிறைப் பிரிவை அடிக்கவில்லை. மூன்று நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது அடித்தால் அது உனக்காக அடித்தது ஆகும். அந்தப் பிரிவு தப்பு என்று எனக்கு இப்போது தெரிகிறது, ஆனாலும் அதை என் கை அடிக்கக் கூடாது. உன்மேல் அது பாயாது, முன்தேதியிட்டுச் சட்டம் வராது. அதை ஆறுதலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். நீ கேட்டபோதே முடிவு செய்துவிட்டாய் என்று நினைக்கிறேன். எதுவானாலும் என் அக்கா நீ.

தம்பி

—

ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

நன்றாகத் தூங்குகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். அத்தான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “பதினாலு வருஷத்த ஒரு மத்தியானத்துல விட்டுட்டு வந்திருக்க, காபி கீபி குடிச்சியா?” என்றார். அதோடு சரியாகிவிட்டது.

விசாரணையில் நான் சொன்ன உண்மையை முதலில் யாரும் நம்பவில்லை. மரக்கடைக்காரரின் வக்கீல், நர்ஸம்மா என்னை விலைக்கு வாங்கிவிட்டார் என்றார். விசாரணை நீதிபதி பொறுமைசாலி. ஒரு மேசை போடச் சொன்னார், வெள்ளைத்தாள் கட்டுகள் சிலவற்றைக் கொடுத்து, “உங்க வழக்கப்படி கையெழுத்து போடுங்க” என்றார். போட்டேன். நான் யோசிக்காமலே முடித்தவை வலது பக்கம் சேர்ந்தன. பிறகு என்னை எழுப்பிவிட்டு, வெளியே நின்ற கடிகாரத்தைக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்காரவைத்தார். “கையெழுத்து போட்ட கட்டுல ஒண்ணு எடுங்க.” அவர் கை நேராக இடது பக்கம் போனது. எடுத்துப் புரட்டினார், வெறும் தாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவருக்கும் அன்றுதான் தெரிந்திருக்கிறது.

ஏன் வெளியே போனீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். சபையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

தீர்ப்பு இதுதான்: இருபத்து மூன்று பேரும் உண்மையான வாக்காளர்கள், அவர்கள்மேல் எந்தக் களங்கமும் இல்லை. ஆனால் கையெழுத்து இல்லாத சீட்டை எண்ணச் சட்டத்தில் வழியில்லை. சட்டத்தை மாற்ற வேண்டியது சட்டமன்றம். அந்தச் சீட்டுகள் இருக்கும் உறையைத் தேர்தல் நாளிலிருந்து ஒரு வருஷம் பாதுகாத்துவிட்டு அழிக்க வேண்டும். மரக்கடைக்காரர் ஜெயித்தது ஜெயித்ததுதான்.

தையல்காரர் வெளியே வந்து என்னைக் கேட்டார்: “அப்ப நான் ஆள் நெஜம், ஓட்டு மட்டும் இல்லயா மேடம்?” நான் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள். அவர் கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன்.

பட்டியல் நேற்று வந்தது. என் பெயர் இல்லை. எழுத்துமூலம் கண்டனம் வந்திருக்கிறது, பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அழுதேன், ஒரு மணி நேரம். தம்பி, எனக்கு அந்த நாற்காலி மேல் ரொம்ப ஆசை இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

என் வாக்குமூலத்தின் நகலை உங்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன், உன் பெயருக்கு இல்லை, தலைவர் பெயருக்கு. கூடவே நான் எழுதிய மூன்று வரி. எண் ஒத்துப்போனால் ஓட்டை எண்ணுங்கள். 'நகரவில்லை' என்று முன்கூட்டியே அச்சடிக்காதீர்கள், வெற்றிடம் விடுங்கள். சாவடிக்குக் கழிப்பறை வையுங்கள்.

எல்லோருக்கும் என் அன்பு.
அக்கா

—

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். சின்னவளுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது, பழையதை ஒருவழியாக ஒப்படைத்தாள். அத்தானுக்கு நாங்கள் அனுப்பிய முழங்கால் பட்டை பொருந்துகிறதா?

நேற்றுக் குழுவின் கடைசி அமர்வு. உன் வாக்குமூலத்தை எடுத்தபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, அதனால் நடைவழியில் நின்றவனுக்கும் கேட்டது. தலைவரே வாசித்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த ஐந்து நிமிடத்தையும் விடாமல் வாசித்தார். பிறகு, பூட்டைத் தளர்த்தக் கூடாது என்றாரே, அந்த முன்னாள் காவல் அதிகாரிதான் பேசினார். “அந்தச் சிறைப் பிரிவை எடுத்துடுங்க. அது இருந்திருந்தா இந்தம்மா வந்து சொல்லியிருக்கவே மாட்டாங்க. நமக்கு உண்மை தெரியாமலே போயிருக்கும்.” எடுத்துவிட்டார்கள். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடிக்காமல் போன பிரிவு, அதை நான் அடிக்காமலே போனது.

புதுப் பிரிவை உனக்காக எடுத்து எழுதுகிறேன்: “அலுவலரின் கையெழுத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த வாக்குச்சீட்டும் தள்ளப்படக் கூடாது. அதன் எண் அடிக்கட்டையோடும் வாக்காளர் பட்டியலோடும் ஒத்துப்போனால் அது எண்ணப்படும்.” வரைந்தது என் சக எழுத்தர். காற்புள்ளிகூட நான் வைக்கவில்லை.

டைரியில் வெற்றிடம் விட ஒப்புக்கொண்டார்கள். கழிப்பறையைப் 'பிற வசதிகள்' என்ற தலைப்பில் பிற்சேர்க்கையில் போட்டிருக்கிறார்கள். பிற்சேர்க்கையை யார் படிப்பார்கள் என்று கேட்காதே. படிக்கவைக்க நான் அலைகிறேன்.

இதெல்லாம் இனிவரும் தேர்தலுக்கு. உங்கள் உறைக்குப் பொருந்தாது. தையல்காரரிடம் அதை எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை.

தம்பி

—

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் சட்டம் நிறைவேறிய செய்தித்தாள் துண்டும் வந்தன. துண்டைத் தையல்காரர் தன் கடைக் கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்திருக்கிறார். அளவு கொடுக்க நிற்கிறவர்கள் எல்லோரும் படித்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் நலம். பட்டை பொருந்துகிறது, அத்தான் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு படியாக ஏறுகிறார், உன்னைத்தான் திட்ட வேண்டும்.

நேற்று அந்த உறையை அழித்தார்கள். விரும்பினால் வரலாம் என்று வழக்கில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அறிவிப்பு வந்தது. மரக்கடைக்காரர் வரவில்லை, நர்ஸம்மாவும் வரவில்லை. தையல்காரரும் நானும் போனோம். தேர்தல் அலுவலகத்தில் ஒரு நீள மேசை, தாள் கிழிக்கும் இயந்திரம், ஓர் எழுத்தர்.

உறையின் அரக்கு முத்திரையை உடைத்ததும் தையல்காரர் எழுத்தரிடம் மெதுவாகக் கேட்டார்: “தம்பி, ஒரே ஒரு தடவ திருப்பிப் பாத்து எண்ணிட்டுக் கிழிங்களேன். யாருக்கும் சொல்ல மாட்டோம்.”

எழுத்தர் நல்ல பிள்ளை. “முன்பக்கம் பாக்கக் கூடாதுங்க. எத்தன தாள் அழிச்சோம்னு பதிவேட்டுல எழுதணும், அதுக்குக் குப்புற வச்சுத்தான் எண்ணுவேன்” என்றார்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் மேலாக வைத்தார். ஒன்று. இரண்டு. எல்லாம் வெள்ளை. நான் எழுதியிருக்க வேண்டிய மூலை காலியாக இருந்தது. அந்த இருபத்தைந்து நிமிடம் முழுவதையும் தாள்தாளாகப் பார்த்தேன், தம்பி. ஒன்பதாவது வந்தபோது தையல்காரர் என் முழங்கையைத் தொட்டார். மற்றவை கோணல்மாணலாக மடித்தவை. அது மட்டும் நாலாக, விளிம்போடு விளிம்பு வைத்து, நகத்தால் இழுத்த மடிப்பு. ஒரு வருஷம் உறைக்குள் கிடந்தும் கலையவில்லை.

“அது என்னோடது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது இயந்திரத்துக்குள் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் எழுத்தர் பதிவேட்டில் எழுதினார்: வாக்குச்சீட்டுகள், இருபத்து மூன்று. பிறகு என் பக்கம் திருப்பி வைத்து, “சாட்சி ஒரு கையெழுத்து வேணும் மேடம்” என்றார்.

பேனாவை இடது கையில் வாங்கி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன். தேதியும் போட்டேன். எனக்குக் கீழே தையல்காரர் போட்டார்.

குழந்தையின் புதுப் பல்லைப் படம் எடுத்து அனுப்பு.

அக்கா